மூடிக் கிடக்கும் சுத்திகரிப்பு நிலையமும் பேச்சியம்மாளின் புல்தோட்டமும்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்க யாராவது பஸ் ஏறிப் போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். பறவை பார்ப்பவர்கள் போவார்கள். மூன்று வருடங்களுக்கு முன், ஆமத்தூருக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் இருந்த நிலையத்தின் குளங்களில் ஒரே காலையில் பவளக்கால் உள்ளான், முக்குளிப்பான், நாமக்கோழி எல்லாம் பார்த்தேன். இந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கிளம்பினேன். அது எந்த ஊரின் நிலையம் என்று எழுதவில்லை. அங்கே இருப்பவர்கள் வேண்டாம் என்றார்கள்.

மதுரையிலிருந்து விருதுநகர் ஐம்பது கிலோமீட்டர். அங்கே சிவகாசி பஸ்ஸுக்கு மாறி ஆமத்தூரில் இறங்கும்போது மணி எட்டு. அதற்கு மேல் ஒன்பது கிலோமீட்டர் ஆட்டோதான். காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட ஐந்நூறு ரூபாய். ஓட்டியவர் சாகுல் பாய். இடத்தைச் சொன்னதும் வண்டியை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார்.

“அது மூடி ரெண்டு வருசமாச்சே. அங்கன என்ன பாக்கப் போறீக?”

நம்பாமல்தான் போனேன். கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. கம்பி வேலி வழியே பார்த்தால் குளங்கள் மூன்றும் காய்ந்து, அடிமண் பாளம் பாளமாக வெடித்து, நடுவில் சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு நின்றது. மோட்டார் எரிந்துபோனதாம், மாற்ற யாரும் வரவில்லையாம், காண்ட்ராக்டும் முடிந்துவிட்டதாம். சாகுல் பாய் கேள்விப்பட்டது இவ்வளவுதான். நிலையம் மூடினால் ஊர்க் கழிவு நின்றுவிடுமா? வேலியோரமாக ஒரு வாய்க்கால் வழியே நேராக ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. முன்பு மணல் தெரிந்த இடத்தில் கறுப்புச் சேறும் நுரையும். துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு நின்றேன். அந்தச் சேற்றிலும் நான்கு உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பைனாகுலரை எடுக்க மனம் வரவில்லை.

வேலிக்கு அடுத்துதான் பேச்சியம்மாள் அக்காவின் (பெயரை மாற்றியிருக்கிறேன்) புல்தோட்டம் இருந்தது. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒரு விபத்தில் அவர் தங்கைக்கு முகமும் கையும் வெந்துபோன பிறகு வேலையை விட்டுவிட்டு, சுத்திகரித்த தண்ணீரைப் பாய்ச்சித் தீவனப்புல் போட்டு, இரண்டு கறவை மாடு வைத்திருந்தார். போன தடவை வரப்பில் உட்காரவைத்து எனக்குக் காபி தந்தார். இந்தத் தடவை கருகிய தூர்கள்தான் இருந்தன.

விசாரித்துக்கொண்டு ஊருக்குள் போனோம். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த அக்கா உடனே அடையாளம் கண்டுகொண்டார். “வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா?” என்று ஈரக்கையோடு சேர் எடுத்துப் போட்டார். நகக்கண்ணில் சாம்பல் நிறத்தில் மின்னும் பட்டாசு மருந்துப் பொடி. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். தண்ணீர் நின்றதும் கிணறு வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பார்த்தாராம். ஆற்றில் ஊற்றுத் தோண்டியும் பார்த்தாராம். அந்தத் தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். அந்தக் கோடையிலேயே இரண்டையும் விற்றுவிட்டார்.

“தண்ணி வந்தவரைக்கும் கம்பெனிப் பக்கம் தலைவச்சுப் படுக்கல டீச்சர். இப்ப காலையில வேன் வந்து நிக்கும், ஏறிருவேன். தங்கச்சிதான், வேன் போறவரைக்கும் வெளியவே வரமாட்டா.”

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தங்கையாக இருக்கும், நானும் கூப்பிடச் சொல்லவில்லை.

குளத்துப் பறவைகள் எங்கே போயிருக்கும் என்று அக்கா கேட்டார். வெம்பக்கோட்டை அணைப் பக்கம் போயிருக்கும் என்றேன்.

“அதுக போயிரும். நாங்க எங்கன போக?”

கோபமாகச் சொல்லவில்லை.

கிளம்ப நினைப்பவர்களுக்கு: பழைய வலைப்பதிவுகளில் இந்த இடம் இன்னும் நல்ல பறவைத் தலமாகவே இருக்கிறது. நம்பிப் போகாதீர்கள். நேராக வெம்பக்கோட்டை நீர்த்தேக்கத்துக்குப் போங்கள், வெயில் ஏறுவதற்குள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். வழியில் ஆற்றைப் பார்த்தால் இறங்கிக் கால் நனைக்க வேண்டாம்.

சாகுல் பாய்க்கு இன்னும் எண்ணூறு ரூபாய் கொடுத்து அன்று பிற்பகல் நானும் வெம்பக்கோட்டை போனேன். உள்ளான்கள் நிறையவே இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தேன், மனம் ஒட்டவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட்டோம்.