கடிதப்பெட்டியில் எங்கள் பெயர்

ஜெர்மனியின் எசன் நகர ஓரத்தில், ஒன்பது மாடிக் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கும் பகுதியில் நானும் அம்மாவும் இருக்கிறோம். எங்கள் வாசலில் மட்டும் ஐம்பத்துநான்கு கடிதப்பெட்டிகள். அழைப்புமணிகளில் வெறும் இலக்கம்தான்; பெயர் இருப்பது பெட்டிகளில் மட்டும். சென்ற வருடம் எங்கள் பெயர் அதிலிருந்து காணாமல் போகத் தொடங்கியது.

முதல் தடவை பசை விட்டுவிட்டது என்று நினைத்தேன். மறுபடி அச்சடித்து ஒட்டினேன். மூன்றாம் நாள் பெட்டி மொட்டையாக இருந்தது. பக்கத்துத் துருக்கிப் பெயரும் போலந்துப் பெயரும் பத்திரமாக இருந்தன. எங்களோடு மட்டும் யாருக்கு என்ன வஞ்சம்?

தரைமாடியில் தனியாக இருக்கும் ஜெர்மன் கிழவியில்தான் எனக்குச் சந்தேகம். சன்னலில் தலையணை போட்டுக் கையூன்றி, யார் வருகிறார், என்ன பையோடு வருகிறார் என்று பார்ப்பதே அவளுக்கு வேலை. ஒருநாள் அவள் எங்கள் பெட்டியருகே நின்றாள். என்னைக் கண்டதும் கையைச் சட்டைப்பைக்குள் விட்டாள். அன்றோடு அவளுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினேன்.

வயிறு எரியக் காரணம் இருந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு ஒரு வருடத்துக்கு மேலாகக் காத்திருந்தேன். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அம்மாவிடம் புலம்பினேன். வீட்டு இலக்கம் இருக்கிறதுதானே, கடிதம் வரும் என்று சொல்லிவிட்டு அவர் வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை பொறுமை போய்க் கிழவியின் கதவைத் தட்டினேன். நான் வாயைத் திறக்குமுன்பே அவள் ஒரு கடிதத்தை நீட்டினாள். திருப்பிக்கொண்டு போகப் பார்த்த தபால்காரரை மறித்து வாங்கி வைத்தாளாம். நகரசபைக் கடிதம். உள்ளே என் குடியுரிமைக்கான டெர்மின், அதாவது நேரில் வரச்சொன்ன நாளும் நேரமும். பிறகு அவள் கேட்டாள், உங்கள் பெயரை யார் கழற்றுகிறார்கள், நானும் நான்கு தடவை எழுதி ஒட்டிவிட்டேன், மாலைக்குள் போய்விடுகிறது என்று. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மேலே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். நான் அச்சடித்த பெயர்கள் இருந்தன. அவற்றோடு, நடுங்கும் கையால் எழுதிய நான்கு துண்டுகள். எங்கள் நீளமான பெயரில் ஓர் எழுத்துக்கூடப் பிழையாக இல்லை.

"குப்பையில போட மனம் வரேல்லைப் பிள்ளை," என்றார் அம்மா. "நாங்கள் வந்த காலத்தில வெளிநாட்டுக்காரற்ர வீடுகளுக்கு நெருப்பு வைச்சவங்கள். இப்பவும் எங்களைப் போகச் சொல்லித்தான் கதைக்கினம். பேரைப் பாத்தா ஆர் இருக்கினமெண்டு தெரியும்தானே. கடிதம் வர நம்பர் காணுமெண்டு நினைச்சிட்டன்."

தரைமாடி ஜெர்மன் அம்மா எழுதிய துண்டையே பெட்டியில் ஒட்டினேன். அவருக்கு இப்போது நானே முந்திக்கொண்டு வணக்கம் சொல்கிறேன். என் அம்மா இப்போது பெயரைக் கழற்றுவதில்லை. ஆனால் யாராவது அந்தப் பெட்டிகளின் முன் நின்று பெயர்களை வாசித்தால், அந்த ஆள் போகும்வரை நான் அந்த இடத்தைவிட்டு அசைவதில்லை.