கோடுகள் இல்லாத மலையைப் படமெடுத்தவர்

செய்தி வந்தபோது நான் முள்ளிப்பட்டில் ஒரு வயல் வரப்பில் நின்றிருந்தேன். அண்ணன் தம்பி இருவருக்கும் நிலத்தைப் பிரித்து எல்லைக்கல் நட வேண்டிய வேலை. டேப்பின் மறுமுனையை மூத்தவர் பிடித்திருந்தார். செல்போன் அடித்தது. எங்கள் நில அளவைப் பிரிவில் வரைவாளராக இருந்த பத்மாவதி அவர்களின் தம்பி குமரேசன் பேசினார்.

“சார், அக்கா பூட்டாங்க சார். காபி குடிச்சிகினு இருந்தாங்க. அப்டியே சாஞ்சிட்டாங்க.”

“எங்க போயிட்டாங்க?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது. “சார், கல்லு எங்க நடறது?” என்று இளையவர் கேட்டார். எந்தப் பக்கம் கை காட்டினேன் என்று நினைவில்லை. மறுபடி ஒருநாள் போய் அளந்துதான் நட வேண்டியிருந்தது.

பத்மாவதி மேடத்தைப் பற்றி அஞ்சலிக் குறிப்பு எழுதச் சொல்கிறார்கள், அலுவலக நண்பர்கள். எந்த மேடத்தைப் பற்றி எழுதுவது என்பதே எனக்குக் குழப்பம். அலுவலகத்தில் அவர் வரைந்த, நில எல்லைகளைக் காட்டும் புலப்படங்களில் ஒரு கோடு மயிரிழை பிசகியதில்லை. நாங்கள் வயலில் அளந்து கொண்டுவரும் கணக்கில் சிறு தவறு இருந்தாலும், “சார், இந்த மூலையில கோடு வந்து மூடல. திரும்பப் போய்ப் பாருங்க” என்று தாளைத் திருப்பித் தந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கைதான் மலையையும் வானத்தையும் கலைத்து ஒன்றாக்கியது.

அதை நான் முதலில் கண்டது படவேட்டுச் சாலையில். ஒரு மேல்முறையீட்டுக்காக இருவரும் இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ் வர நேரமிருந்தது. அவர் பையிலிருந்து கேமராவை எடுத்து, வரிசையாய் நின்ற பனைமரங்களை நோக்கி வைத்து, பொத்தானை அழுத்தியபடியே சடாரென்று மேலிருந்து கீழே இழுத்தார்.

“மேடம், கை ஆடிப்போச்சு” என்றேன்.

“ஆட்டனதே நான்தான் சார்” என்றார்.

கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டினார். மரங்கள் இல்லை. யாரோ ஈரத் தூரிகையால் பச்சையையும் கறுப்பையும் நெட்டுக்கு இழுத்துவிட்டது போலிருந்தது. நன்றாயிருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மரியாதைக்கு “பிரமாதம்” என்றேன். “புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க சார், பேஜார் இல்ல” என்று சிரித்தார்.

அதன்பிறகு பல ஞாயிறுகளில் என்னையும் அழைத்துப் போனார். ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியை லென்சின் முன்னால் மாட்டிக் காத்திருப்பார். ஓடும் மேகம் படத்தில் பஞ்சுத் திரியாகிவிடும். சாயம் ஏற்றாத பட்டுத் துணி ஒன்றை லென்சுக்கு முன்னால் பிடிப்பார். வெயில் அதில் கசிந்து பரவும். ஒரு படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். “இன்னாங்க இது, மழையில நனஞ்ச காலண்டரா?” என்றார் என் மனைவி.

சென்ற ஆண்டு அவர் எடுத்த ஆற்றுப் படம்தான் வம்பில் கொண்டுபோய் விட்டது. கமண்டல நாக நதியில் கொஞ்சமாய்த் தண்ணீர் வந்திருந்த ஒரு விடியற்காலை. லென்சுக்கு முன்னால் பட்டுத் துணியைப் பிடித்தபடி கரையில் மெல்ல நடந்துகொண்டே, ஒரே படத்தில் பல காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார். ஆறு தரையை விட்டெழுந்து, பொன்னும் நீலமுமாய் வானத்தில் மடிப்புக் கலையாமல் தொங்கியது. அருகிலிருந்த நான் பார்த்தது சேற்றுத் தண்ணீரையும் இரண்டு எருமைகளையும்தான்.

ஒரு புகைப்படக் கழகத்தின் கண்காட்சிக்கு அதை அனுப்பினார். கம்ப்யூட்டரே வரைந்து தந்த படம், கேமராவில் எடுத்ததே அல்ல என்று யாரோ புகார் சொல்லிவிட்டார்கள். கேமராவில் பதிந்த கோப்பைக் காட்டியும் சந்தேகம் தீரவில்லை. நடுவர்கள் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

“அவங்க எடுக்கும்போது பக்கத்துல இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“இந்த நிறத்தை நீங்க பார்த்தீங்களா?”

இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. உண்மையைச் சொல்லியே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் பதறினேன். மேடம் அமைதியாகச் சொன்னார்: “அவரு சொல்றது நெஜம். நானும்தான் பார்க்கல. வாங்க, அதே எடத்துல எடுத்துக் காட்றேன்.”

நடுவர்கள் ஆற்றுக்கு வந்தார்கள். அதே துணி, அதே நடை. மீண்டும் மீண்டும் முயன்றார். சாம்பல் நிறச் சேறுதான் வந்தது. “நாங்க நம்பறோம் மேடம், ஆனா...” என்று தலைமை நடுவர் இழுத்தார். “பரவாயில்லீங்க. எனக்கே அது எப்டி வந்துச்சுன்னு தெர்ல” என்று சொல்லிப் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் சட்டம் போட்ட அந்தப் படம் அவர் மடியில் இருந்தது. பக்கத்து இருக்கையில் தறி நெய்யும் அம்மா ஒருவர். வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “புது சீலை டிசைனா மேடம்? பாடர் எங்க வருது?” என்று கேட்டார். “பாடரே கெடையாதும்மா” என்றார் மேடம். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. பரிசு கிடைத்திருந்தால்கூட அப்படிச் சந்தோஷப்பட்டிருப்பாரா தெரியாது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டேவிட்டேன்: “எதுக்கு மேடம் இதெல்லாம்? இருக்கறத இருக்கற மாதிரி எடுத்தா இன்னா?”

படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். “இது யாரோடது, அது யாரோடதுன்னு தெனமும் கோடு போட்டுகினே இருக்கறேன் சார். கோட்ட எடுத்துட்டா அங்க இன்னா இருக்குதுன்னு ஒரு தபா பார்க்கணும்.”

“பார்த்தீங்களா?”

“தெர்ல சார். பாதி பார்த்த மாதிரி இருக்குது.”

கடைசியாக அவருடன் போனது படவேட்டுக்கு. மலையடிவாரத்தில் ஒரு புளியமரம். “எப்பவும் நீங்கதான் எடுக்கறீங்க, இன்னிக்கி ரெண்டு பேரும் நிப்போம்” என்றேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக் கேமராவைத் தாங்கியில் வைத்தார். “ஆடாம நில்லுங்க சார், தோ வரேன்” என்று பொத்தானை அழுத்திவிட்டு, ஊதாப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். கல் தடுக்கியது. சிரித்துக்கொண்டே வந்தார். அவர் என் அருகில் வருவதற்குள் படம் முடிந்துவிட்டது. அந்தப் படத்தில் நான் கல்லைப் போல் தெளிவாக நிற்கிறேன். அவர் இருக்க வேண்டிய இடத்தில் லேசான ஊதாக் கறை. அதற்குள்ளே மலை தெரிகிறது.

காரியத்துக்கு வைக்க அக்காவின் படம் வேண்டும் என்று குமரேசன் கேட்டார். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

“இதுல அக்கா எங்க சார்?”

“புளியமரத்துக்குப் பக்கத்துல பாருங்க. ஊதாவா, புகை மாதிரி.”

படத்தைப் பெரிதாக்கித் தேடினார் போலிருக்கிறது. பிறகு மெல்லிய குரலில் சொன்னார்: “ஆமா சார். வந்துகினு இருக்காங்க.”

‘போய் வாருங்கள் மேடம்’ என்று எழுதி இதை முடிக்கத்தான் எண்ணியிருந்தேன். இப்போது முதல் சொல்லை எழுதக் கை வரவில்லை. வாருங்கள் மேடம்.