குங்கிலியம் உருட்டிய மூங்கில்

மலைமேல் தேவனூர் நாட்டில் எங்கள் வீட்டில் அப்போது இருந்தது நானும் என் மாமனாரும் மட்டும்தான். மாமியார் நான் வாக்கப்படும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கணவர், ஆள் பிடிக்க வந்த ஒரு கங்காணியின் பேச்சை நம்பி ஆனைமலைப் பக்கம் வெள்ளைக்காரன் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மருமகள் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ! கணவர் இருந்தவரை அவர் வாய் வழியாக எங்கள் பேச்சு போய் வந்தது. அவர் போன பிறகு, மாமனார் வாசலில் மேயும் கோழியிடம் சொல்ல ஆரம்பித்தார்.

"கோழி, களி கிண்டியாச்சான்னு கேளு."

நானும் கோழியைப் பார்த்தே, "ஆச்சுங்க" என்பேன். பகலில் சிரிப்பாக இருக்கும். சாயங்காலம் மூடுபனி இறங்கி எதிர்த்த வீடுகூடத் தெரியாமல் போனால் அழுகைதான் வரும். என்னைப் பார்த்துப் பேசும் மனிதக் குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அடுப்பிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கார்த்திகையில், அதே தோட்டத்தில் வேலை பார்க்கும் பக்கத்து ஊர்க்காரர் லீவில் வந்திருந்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுக்காரருக்கு இருமல் உட்டபாடில்லீங்க. நெஞ்சு கட்டிக்கிட்டு ராத்திரியெல்லாம் உக்காந்தே இருக்கறாரு. நம்ம மலைத்தேன் இருந்தா சரியாப்போகும்னு பொலம்பறாருங்க. நாளைக்கு வெடியால பேளுக்குறிச்சிக்கு எறங்கறேன். குடுத்தீங்கன்னா கொண்டுபோறேன்."

பானையில் தேன் இருந்தது. பானையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி ரயிலேற முடியுமா? மூங்கில் குழாய்தான் வேண்டும். வெறும் மூங்கிலில் ஊற்றினால் பாதி கசிந்துவிடும், மீதி புளித்துவிடும். குங்கிலியப் பிசினையும் தேன்மெழுகையும் உருக்கிக் குழாய்க்குள் ஊற்றி, அதைப் படுக்கை வாக்கில் தணலுக்கு மேல் வைத்து உருட்ட வேண்டும்.

அந்தக் குழம்பு சரியான சோம்பேறி. உருட்டினால் சுவரோடு ஏறும், நிறுத்தினால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மெதுவாக உருட்டினால் வழிந்து திரளும். அவசரப்பட்டால் விழுந்த இடத்திலேயே மேடு கட்டும். ஒரே சீராகச் சுழன்றால்தான் உள்ளே முழுக்க எண்ணெய் தடவினதுபோல மெல்லிசாகப் படரும். தணலை விலக்கிய பிறகும், இறுகும் வரை நிறுத்தக் கூடாது. அதனால் ஆளுக்கொரு முனையில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் கை மாற்றும்போது மற்றவர் உருட்டுவார். 'விடறேன்' என்று இவர் சொல்லி, 'புடிச்சேன்' என்று அவர் சொன்ன பிறகுதான் கையை எடுக்க வேண்டும்.

ஊரே சாமை அறுப்பில் இருந்தது. யாரைக் கூப்பிட? நான் தனியாகவே உட்கார்ந்தேன். கை மாற்றும்போதெல்லாம் குழாய் ஒரு நொடி நின்றது. வாய்ப்பக்கம் கண்ணை வைத்துப் பார்த்தால், மேலே வெறும் மூங்கில், அடியில் கட்டி. "நாசமாப் போ!" என்று தூக்கி எறிந்தேன்.

மாமனார் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்து எதிர்முனையில் உட்கார்ந்தார். அடுத்த குழாயை வைத்தேன். நன்றாகத்தான் போனது. ஒரு சமயம் அவர் சொல்லாமல் கையை எடுத்தார். அதே சமயம் நானும் சொல்லாமல் எடுத்தேன். அதுவும் போயிற்று. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி இருந்தது கடைசிக் குழாய். குங்கிலியமும் அதற்கு மட்டும்தான் வரும். மாமனார் தொண்டையைச் செருமினார்.

"கோழி, விடறேன்."

"கோழி, புடிச்சேனுங்க."

இப்படியே உருட்டினோம். கொஞ்ச நேரம் கழித்து அவர், "அவனுக்குச் சின்னதுலயும் இப்படித்தான் நெஞ்சு கட்டும், கோழி" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

"சரியாப் போயிருமுங்களா, கோழி?" என்று கேட்டேன்.

"ஆகும், ஆகும்" என்றார். கோழி எப்போதோ கூடைக்குள் அடைந்துவிட்டிருந்தது. குழாய்க்குள் பார்த்தேன். எங்கும் ஒரே மாதிரி பளபளவென்று படர்ந்திருந்தது.

விடியலில் தேனை ஊற்றி, வாயை மெழுகால் அடைத்துக் கொடுத்தனுப்பினோம்.

தை பிறந்ததும் அந்த ஊர்க்காரர் திரும்பி வந்தார். கையில் குழாய் இருந்தது.

"நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சுங்க. அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க."

நான் குழாயை வாங்கினேன். கனமாக இருந்தது. வைத்த மெழுகு வைத்தபடி இருந்தது, ஒரு சொட்டுக் கசிவில்லை. பாவிகள் நாங்கள், எவ்வளவு நன்றாக உருட்டியிருந்தோம்! அதை நினைத்துத்தான் முதலில் அழுதேன்.

ஊர் சனமெல்லாம் வந்து அழுதுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு மாமனார் நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"இனி நீயும் நானுந்தான் கண்ணு" என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மாமா என்ற சொல் எனக்குத் தெரியாதா? ஆனால் அவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டுப் பழகாத நாக்கில் அது வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.