மாமா எடுத்த வீடியோ

எங்கள் மாமாவிடம் வீடியோ கமெரா ஒன்று இருந்தது. டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் அப்போது அவர் இல்லாமல் ஒரு தமிழ்க் கல்யாணம் நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. தாலி கட்டுவதைக்கூடச் சிலசமயம் கோட்டை விடுவார். வந்திருந்தவர்களின் முகத்தில் ஒன்றையும் விடமாட்டார். ஊரில் கசெட் பார்ப்பவர்களுக்கு யார் யார் வந்தார்கள் என்று தெரிய வேண்டுமாம்.

ஈராக், ஈரான் போர் முடிந்த இலையுதிர் காலத்தில் மேல்வீட்டு ஈராக்கிய அன்ரி ஒரு நாடகம் போட்டார். பாக்தாத்தில் நடிகையாக இருந்தவர். தன் படத்தை எல்லா வீட்டிலும் மாட்டச் சொல்லும் ராஜாவின் கதை; கேலி அவர்கள் நாட்டு அதிபரைத்தான். போர் முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று சொல்லித்தான் தன் நாட்டுக்காரர்களை மண்டபத்துக்கு அழைத்திருந்தார். அதில் நான் சுவர்ப் பொந்தில் கூடு கட்டும் குருவி. "படத்தை மாட்டினால் முட்டையை எங்கே வைப்பது?" என்று டெனிஷில் கேட்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் காது புளிக்கும்வரை சொல்லிப் பழகினேன்.

மருமகள் நடிக்கிறாள் என்று மாமா தானாகவே கமெராவோடு வந்தார். வந்ததும் குருவி வேஷத்தில் நின்ற என்னை முதலில் பிடித்தார். நாடகம் தொடங்கியதும் கமெராவின் பெரிய லைட்டைச் சனத்தின் பக்கம் திருப்பி, வரிசை வரிசையாக முகங்களைப் பிடித்தார். ஆண்கள் கையால் மறைத்தார்கள். பெண்கள் குனிந்தார்கள். மாமாவுக்கு உற்சாகம் கூடியது.

"வெக்கப்படாதேங்கோ, இஞ்சை பாருங்கோ!" என்றார், தமிழில்.

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். என் முறை வரும்முன்பே மண்டபம் பாதி காலி. அன்ரி மேடையை விட்டிறங்கி, டெனிஷில் கேட்டார்: "உங்களை யார் அனுப்பினார்கள்? எங்கள் நாட்டுத் தூதரகமா?"

மாமாவின் முகம் செத்துப்போனது. அங்கேயே கசெட்டை உடைத்து, நாடா முழுவதையும் உருவி அன்ரியின் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அதுகளின்ரை சகோதரங்கள் இன்னும் அங்கைதானே, அக்கா. ஆர் வந்தவை எண்டு தெரிஞ்சால் அங்கை இருக்கிறவையைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். எங்கடை ஆக்களுக்கே இது விளங்காட்டி ஆருக்கு விளங்கும்?" என்றார்.

அன்ரி பிறகு நாடகமே போடவில்லை. கூப்பிட்டாலும் யாரும் வந்திருக்கமாட்டார்கள். அவர்கள் பயம் விட்டு வந்த ஒரேயொரு நாளை நாங்கள்தான் கெடுத்தோம் என்பது இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

அன்றைக்கு எனக்கிருந்த துக்கம் வேறு. என்னுடைய குருவி வேஷம் இருந்த நாடாவை உருவிக் கொடுத்துவிட்டாரே என்று மாமாவோடு பல நாள் கதைக்கவில்லை. அந்த நாடாவில் இருந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.