தயிரில் ஊறிய அம்மன்

பெருமாட்டி ஊர்க் குப்பண்ணனுக்கு எதையும் இன்ன இனம் என்று சொல்லி முடித்தால்தான் சோறு இறங்கும். தென்னையைப் பார்த்தால் நெட்டையா குட்டையா என்று சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு ஆள் வந்தால் எந்த ஊர், எந்தக் குலக் கூட்டம், யாருக்கு மச்சான் என்று கேட்டு முடித்த பிறகுதான் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்பார். மகள் நர்மதாவுக்குக் கோயம்புத்தூரில் மாப்பிள்ளை பார்த்தபோது கூட்டமெல்லாம் சரியாக அமைந்தது. ஆனால் பையன் கல்லூரியில் நிலவியல் வாத்தியார். அந்தத் தொழில் மட்டும் அவர் அறிந்த எந்த வகையிலும் அடங்கவில்லை.

"கல்லைப் பாக்கறதுக்குச் சம்பளமுங்களா?" என்று தரகரைத் திரும்பத் திரும்பக் கேட்டார். கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் மாப்பிள்ளை கோபிநாத்தை யாரிடம் அறிமுகப்படுத்தினாலும், "மாப்ள காலேஜ்ல இருக்காருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மேலே கேட்டால் பேச்சை மழை பக்கம் திருப்பிவிடுவார்.

அப்படிப்பட்ட வாய்க்காரர் அடங்கிப் போனது மகள் விஷயத்தில்தான். நர்மதாவுக்கு இரண்டு முறை கரு தங்கிக் கலைந்துவிட்டது. மறுபடியும் உண்டாகி, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லித் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். குப்பண்ணன் வீட்டுக்குள் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தார். இந்தப் பிள்ளையாவது நிலைக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் நெஞ்சில் வேறு எதுவும் இல்லை.

அந்த வாரம்தான் தோப்புக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். தண்ணீர் வரவில்லை, ஒரு கல் வந்தது. கிணற்றுக்குள் இறங்கியிருந்த காளிச்சாமி அதைக் கூடையில் வைக்கத் தூக்கிவிட்டுக் கத்தினான்: "ஏனுங்ண்ணா, இத்துனூண்டு கல்லு, கையே அத்துப் போகுதுங்!"

உரித்த தேங்காய் அளவுதான் இருக்கும். கழுவிப் பார்த்தால் பழுப்பேறிய வெள்ளை. உள்ளேயிருந்து ஒரு மினுமினுப்பு. விளிம்புகள் கொத்தனார் மட்டம் வைத்து வெட்டியதுபோல் சதுரம் சதுரமாக எழுந்து நின்றன. குப்பண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளைப் பார்த்து இது இன்னது என்று அவரால் சொல்ல முடியவில்லை. மனுஷர் தவித்துப் போனார்.

மனைவி கமலாத்தாளுக்கு அந்தத் தவிப்பெல்லாம் கிடையாது. "சாமிங்க. பின்ன என்ன? புள்ள உண்டாயிருக்கற நேரத்துல வேற என்ன வரும்?" என்று மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டாள்.

சாமி சரி, எந்தச் சாமி? குப்பண்ணன் விடுவாரா! சோதிடப் பணிக்கரை வரவழைத்துப் பிரசன்னம் வைத்தார். பணிக்கர் சோழிகளைப் பரப்பி, கூட்டிக் கழித்து, இது தேவி, உக்கிர பாவம், சைவம், மண்ணுக்கடியில் கிடந்த சூடு இன்னும் தணியவில்லை என்று வகை பிரித்துக் கொடுத்தார். சூடு தணிய, அந்தியில் புளித்த தயிரில் அம்மனை இறக்கிவிட வேண்டும். விடிந்ததும் எடுத்து எலுமிச்சைச் சாற்றில் நீராட்ட வேண்டும். அந்தத் தீர்த்தம் தினமும் கர்ப்பிணிக்குப் போக வேண்டும். குப்பண்ணனுக்கு அன்றுதான் சோறு இறங்கியது.

அடுத்த நாள் காலை தீர்த்தத்தை வாயில் விட்டவர் திடுக்கிட்டார். புளித்த தயிரும் எலுமிச்சையும் சேர்ந்தால் பல் கூச வேண்டும். இதுவோ அடிநாக்கில் இனித்தது.

"சக்கரை போட்டியா?"

"ஆத்தா சத்தியமா இல்லைங்க."

அவ்வளவுதான், ஊர் கூடிவிட்டது. பஞ்சாயத்து மெம்பர்கூட வந்து கட்சி வேறுபாடு பார்க்காமல் ஒரு சொட்டு வாங்கி நக்கிவிட்டுப் போனார். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சொட்டுதான். கமலாத்தாளுக்குத் தயிர் என்றாலே சளி பிடிக்கும், ஆகவே தலையில் தெளித்துக்கொள்வதோடு சரி. நர்மதாவுக்கு மட்டும் வெள்ளி டம்ளர் நிறைய, சொம்போடு கட்டிலுக்கே போகும். பூசை முடிந்து வந்து, சொம்பில் மிஞ்சியிருப்பதைக் குப்பண்ணன் குடித்துவிடுவார். தீர்த்தத்தைக் கால் படும் இடத்தில் கொட்டக்கூடாது அல்லவா!

சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தார். கல்லைப் பார்த்ததும் கோபிநாத் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். பெண்டாட்டியை விசாரிக்கக்கூட மறந்து, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அம்மனுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, அத்தையின் அனுமதியோடு ஒவ்வொரு சோதனையாக நடந்தது. ஓரத்தில் செம்புக் காசால் கீறினார், கோடு விழுந்தது. காற்றில் எடை, தண்ணீரில் எடை பார்த்துக் கணக்குப் போட்டார். அதே அளவு தண்ணீரைப்போல் ஆறு மடங்குக்கும் மேல் கனம். உதிர்ந்த துணுக்கில் ஒரு சொட்டு அமிலம் விட்டார், நுரைத்துக்கொண்டு கரைந்தது. கடைசியாக ஜன்னலைச் சாத்திவிட்டு, புற ஊதா டார்ச்சை அடித்தார். கல் முழுக்க மஞ்சளாக ஜொலித்தது.

"மஞ்சக்காப்புப் போட்டுட்டா என் ஆத்தா!" என்று கமலாத்தாள் குலவையிட்டாள். அதுவரை பாதி நம்பியவர்களும் அன்று முழுதாக நம்பினார்கள். அந்தப் புண்ணியம் நிலவியல் துறையைச் சேரும்.

"மாமா, இது ஈயத்தோட கார்பனேட்டுங்க. இந்த வகையில அடிக்கடி கிடைக்கறது செருசைட். இது அதில்ல. கூடக் குளோரினும் சேந்திருக்கு. படிகம் நாலு சதுரமா நிக்குது பாருங்க. பாஸ்ஜெனைட்னு பேரு. ரொம்ப அபூர்வமுங்க. நியாயமா இது இங்க இருக்கவே கூடாதுங்க."

"அப்ப குடும்பம் ஒண்ணு, கூட்டம் வேற."

"அதேதானுங்க மாமா!"

கல்யாணமான நாளிலிருந்து மாமனாரும் மருமகனும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். குப்பண்ணனுக்கு மாப்பிள்ளையின் தொழில் சட்டென்று புரிந்துவிட்டது. அட, நம்ம சோலிதான்!

"ஈயமுங்களா? ஈயம் பூசின ஏனத்துலதான காலங்காலமா பால் காய்ச்சறோம்" என்றார்.

"அது வெள்ளீயமுங்க மாமா, வேற இனம். இது காரீயம்."

அதோடு நிறுத்திவிட்டார் கோபிநாத். இனம் பிரித்த சந்தோஷத்தில் முகமெல்லாம் பூரிப்பு. மாமனார் உள்ளங்கையில் ஊற்றிய தீர்த்தத்தைப் பயபக்தியோடு குடித்துவிட்டு, "இனிக்குதுங்களே!" என்று வியந்தார். அட படிச்ச மனுஷா! அமிலத்தில் கரைந்ததைக் கண்ணால் பார்த்தாய், காரீயம் என்று உன் வாயால் சொன்னாய், புளித்த தயிர் என்ன பன்னீரா? ஆனால் அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆய்வுக்கூடத்தில் எதையும் நக்கிப் பார்க்கமாட்டார்கள். மாமியார் வீட்டில் எதையும் சோதித்துப் பார்க்கமாட்டார்கள்.

மாதங்கள் ஓடின. நர்மதாவுக்கு வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. முன்பு கலைந்த காலமெல்லாம் தாண்டி, இனி எழுந்து நடமாடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். குப்பண்ணன் அம்மனுக்குப் பட்டு வாங்கிச் சாத்தினார். அவருக்குத்தான் உடம்பு சரியில்லை. வயிற்றைப் பிடித்து முறுக்கியது, வெளிக்குப் போவதே பெரும்பாடானது, முகம் வெளிறியது. விளக்கெண்ணெய் குடித்தார். கேட்கவில்லை. தீர்த்தத்தைக் கூடக் கொஞ்சம் குடித்தார்.

ஒருநாள் தீபாராதனைத் தட்டைத் தூக்கும்போது வலது மணிக்கட்டு துவண்டு தொங்கியது. தட்டு விழுந்தது. ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்றார்கள் ஊரார். சூடு மிச்சம் இருக்கிறது, பகலிலும் தயிரில் வையுங்கள் என்றார் பணிக்கர் போனில். நர்மதாதான் அழுது அடம்பிடித்து, கோபிநாத்தையும் கூட்டிக்கொண்டு அப்பாவைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

டாக்டர் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். நீலக்கோடு ஓடியிருந்தது. ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு வந்து கேட்டார். "பேட்டரிக் கம்பெனியில வேலையா? பெயின்ட்டா? ஒடம்புல இவ்வளவு ஈயம் எப்படிங்க வந்துச்சு?"

"நாங்க வெவசாயமுங்க" என்றார் குப்பண்ணன், கொஞ்சம் கோபத்தோடு.

பக்கத்தில் நின்ற கோபிநாத் பாக்கெட்டில் போனைத் துழாவினார். "மாமா... அந்தக் கல்லு... தயிரு... புளிப்புல ஈயம் கரஞ்சா இனிக்குமுங்களே!" வெளியே ஓடிப்போய், "அத்தை, இனி ஒருத்தருக்கும் தீர்த்தம் குடுக்காதீங்க, கல்லைத் தொடாதீங்க" என்று போனில் கத்துவது உள்ளே கேட்டது.

குப்பண்ணனுக்குத் தன் கை மறந்துவிட்டது, வயிறு மறந்துவிட்டது. "அய்யோ, எம்புள்ளைக்கு நானே ஊத்திக் குடுத்தனே! டம்ளர் டம்ளரா குடுத்தனே!" என்று நல்ல கையால் தலையில் அடித்துக்கொண்டார். வயிற்றிலிருக்கும் சிசுவை ஈயம் தாயைவிட அதிகமாகத் தாக்கும் என்று டாக்டர் மெதுவாகச் சொல்லிவிட்டு நர்மதாவுக்கும் ரத்தம் எடுத்தார். முடிவு வரும்வரை குப்பண்ணன் யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஆள் மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை.

முடிவு வந்தது. நர்மதாவின் ரத்தத்தில் பயப்படும்படி ஏதுமில்லை. டாக்டருக்கே ஆச்சரியம். "தினமும் குடிச்சீங்கதானேம்மா?"

நர்மதா அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கு மொத நாள்லயிருந்தே தயிர் வாசம் ஆகலைங்கப்பா, கொமட்டுச்சு. சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு... கீழ ஊத்தக் கூடாதுன்னீங்களே... நீங்க அக்கட்டால போனதும் திருப்பி உங்க சொம்புலயே ஊத்திருவனுங்க." தேம்பித் தேம்பி அழுதாள். "நாந்தானுங்கப்பா உங்க கையை இப்படிப் பண்ணிட்டேன்."

குப்பண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு முகம் மலர்ந்தது. அத்தனை மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் பார்த்ததில்லை. "நீ குடிக்கவே இல்லியா அம்மிணி? ஒரு வாய்கூட இல்லியா? அப்ப ஆத்தா காப்பாத்திட்டா!"

கோபிநாத் ஏதோ விளக்க வாயைத் திறந்தார். மாமனாரின் கண்களில் தண்ணீர் வழிவதைப் பார்த்து மூடிக்கொண்டார். குப்பண்ணன் கும்பிடக் கை தூக்கினார். இடது கை எழுந்தது, வலது மணிக்கட்டு தொங்கியது. நர்மதா எழுந்து வந்து அதை நிமிர்த்தி, இடக்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எதிரே இருந்த மகளின் வயிற்றைப் பார்த்துக் கும்பிட்டார்.