வாலுக்குள் வைத்த எலுமிச்சம்பழம்

என் பக்தியால் ஒரு விமானம் விழுந்திருக்கிறது. இதுவரை நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. பிளஸ் டூ முடித்திருந்த அக்கா, சென்னைக்குப் போய் விமானப் பொறியியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பாவுக்கு அரை மனசு. கடைசியில், அவள் சின்ன மோட்டார் வைத்துச் செய்துகொண்டிருந்த தெர்மோகோல் விமானம் ஒழுங்காகப் பறந்தால் அனுப்புகிறேன் என்று இறங்கி வந்தார்.

அக்கா எதையும் அவசரப்பட்டு ஒட்டமாட்டாள். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கி, மூக்கு லேசாகத் தாழ்கிறதா என்று தினமும் பார்ப்பாள். வால் கனத்தால் விமானம் மேலே நிமிர்ந்து விழுந்துவிடுமாம். நானும் புரிந்தாற்போலத் தலையாட்டி வைத்திருந்தேன்.

பறக்கவிடும் நாளன்று எதிர்வீட்டு மாமி வந்து பார்த்து, வாய் ஓயாமல் புகழ்ந்துவிட்டுப் போனார். எனக்குத் திக்கென்றது. கண் பட்டிருக்குமே! அப்பாவின் புது ஸ்கூட்டருக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம், விமானத்துக்கு யார் வைத்தார்கள்? குட்டிப் பழமாக ஒன்றைப் பொறுக்கி, வால்பக்கப் பொந்துக்குள் திணித்து, மேலே காகிதம் ஒட்டிவிட்டேன்.

கொள்ளிட மணலில் எங்களைத் தன் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னாள் அக்கா. கடைசியாக ஒருமுறை விரலில் தூக்கிப் பார்க்கக் குனிந்தாள். பழம் அகப்பட்டுவிடுமே என்று எனக்குப் பயம்.

"நான் இப்பத்தான் பார்த்தேன்க்கா. சரியா இருக்கு."

கடை திறக்க நேரமாகிறது என்று அப்பா வேறு அவசரப்படுத்தினார். அக்கா என்னை நம்பினாள்.

விறுவிறுவென்று ஏறிய விமானம் செங்குத்தாக நிமிர்ந்து, எங்கள் பக்கமே திரும்பி விழுந்தது. அப்பாவின் புருவத்தில் ரத்தம். அக்கா துப்பட்டாவால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது, நான் உடைந்த வாலிலிருந்து பழத்தை எடுத்து மணலில் புதைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அப்பா திட்டவில்லை. அக்காதான், "எங்க தப்பு பண்ணேன்னே தெரியலப்பா" என்றாள். ஒரு வாரம் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். காயம் ஆறியதும் அப்பாவே, அது கிடக்கட்டும், நீ சென்னைக்குப் போ என்றார். அவள் வேண்டாமென்று சொல்லி, திருச்சியிலேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள்.

தினமும் சாயங்காலம் அக்கா பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுகிறாளே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்பாவே போகச் சொல்லியும் அவள் ஏன் போகவில்லை என்று எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை.