மாடியில் இருக்கிற அண்ணன் சொன்ன பாஸ்வேர்டு

நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. என்னிடம் வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பல வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். பேய், காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் அடுப்பில் வேலை பார்க்கிற ஆள். என் நாத்தனார் மந்திரித்த கயிறு கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி அலமாரியில் போட்டுவிடுவேன், அதோடு சரி. அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது. அமாவாசை ராத்திரியிலா, சுடுகாட்டுப் பக்கத்திலா என்று கேட்காதீர்கள். பட்டப்பகலில், என் சொந்த வீட்டில், வைஃபை விஷயத்தில்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற தெரு ஒன்றில் எங்கள் வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம், மேலே இரண்டு அறை கட்டி ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு விடுகிறோம். அதற்கும் மேலே மொட்டை மாடி, தண்ணீர் டேங்க், துணி காயப்போடுகிற கம்பி. என் கணவருக்குச் செங்கல்பட்டில் ஆபீஸ், காலையில் பஸ் பிடித்தால் இருட்டித்தான் வருவார். மகள் நிவேதா அப்போது படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அறைகளைப் பெருக்கித் துடைக்கச் சரசு என்று ஒருத்தி வருவாள். மற்றபடி எல்லாம் என் தலையில்.

வருகிறவர்கள் முன்பெல்லாம் தண்ணீர் கேட்பார்கள், கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்பார்கள். இப்போது செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஒரே கேள்வி. வைஃபை பாஸ்வேர்டு என்ன ஆன்ட்டி. அது எனக்கு மனப்பாடம் ஆகவே ஆகாது. நிவேதா வைத்தது, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் நம்பர், கடைசியில் ஒரு குறி. அவளே ஒரு வழியும் சொல்லிக்கொடுத்திருந்தாள். செட்டிங்ஸில் போய், வைஃபையைத் தொட்டு, நம் வீட்டு இணைப்பின் பக்கத்தில் இருக்கிற பல்சக்கரத்தைத் தொட்டு, ஷேர் என்றால் போன் நம் விரல் ரேகையைக் கேட்கும், வைத்தால் கறுப்பு வெள்ளையாக ஒரு கட்டம் வரும், அதை அவர்கள் போனில் படம் பிடித்தால் போதும், எழுத வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து என் ரேகையைப் போன் ஏற்காது. ஏற்றால் அவர்கள் போனின் கேமரா உடைந்திருக்கும். அப்புறம் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கட்டத்துக்குக் கீழே எறும்பு மாதிரி இருக்கிற எழுத்தை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். அது பூஜ்யமா, ஓவா என்று அவர்கள் கேட்பார்கள். எனக்கு எப்படித் தெரியும்.

ஒருநாள் திருச்சிக் குடும்பம் ஒன்று வந்தது. சாவி கொடுத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க மேலே போனேன். அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஏற்கெனவே வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டாச்சுங்க, வைஃபை வந்துருச்சு. மாடியில இருக்கற அண்ணன் சொன்னாரு."

பக்கத்து அறைக்காரர் சொல்லியிருப்பார் என்று நினைத்து, ஒரு வேலை மிச்சம் என்று இறங்கிவிட்டேன். பாதிப் படியில்தான் ஞாபகம் வந்தது, பக்கத்து அறை அன்று காலி.

அதற்குப் பிறகு இது வழக்கமாகவே ஆகிவிட்டது. பெங்களூரிலிருந்து வந்த பையன்கள், கோயம்புத்தூர்ப் புதுத் தம்பதி, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, எல்லோரும் ஒரே பதில். மாடியில் ஒருவர் சொன்னார். எப்படி இருந்தார் என்று கேட்டால் அதுவும் ஒரே பதில். முழுக்கைச் சட்டை, அந்த வெயிலில் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் அவரைப் புகழவே செய்தாள்.

"ரொம்பப் பொறுமையா சொன்னாருங்க. அது பூஜ்யம் இல்லைங்கம்மா, இங்கிலீஷ் ஓ அப்படின்னு."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. நம்புங்கள், அப்போதும் பயமில்லை, வெறும் எரிச்சல்தான். எவனோ பக்கத்து மாடியிலிருந்து தாண்டி வந்து என் வீட்டு நெட்டை ஊருக்கெல்லாம் தானம் பண்ணிக்கொண்டிருக்கிறான் என்றுதான் தோன்றியது. நெட் கம்பி இழுத்துக்கொடுத்த லோகுவைக் கூப்பிட்டேன்.

"யக்கா, ஒன் பாஸ்வேர்டு தெருவுக்கே தெரிஞ்சிருக்கும். மாத்திட்டு கம்முனு இரு," என்றான்.

மாற்றினோம். அடுத்து வந்தவர்களும் மாடி அண்ணன் சொன்னார் என்றார்கள். மறுபடி மாற்றினோம். மறுபடியும் அதே. என் கணவருக்குச் சரசு மேல் சந்தேகம் வந்துவிட்டது. மேலே போய்வருகிறவள் அவள்தானே என்று அவள் காதுபடவே சொன்னார். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னா சார் சொல்றீங்க. என் போன்ல நெட்டே கெடையாது, பட்டன் போனு. பாஸ்வேர்டு கருப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. நீங்க சொன்னீங்களேன்னு நான் நாளிக்கே நின்னுடுவேன், அப்பறம் இந்தப் படியெல்லாம் யாரு ஏறுறது, நீங்களா?"

அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் மொட்டை மாடிக்குப் போகிற வழியில் இரும்புக் கம்பிக் கதவு போடவைத்து, பூட்டுப் போட்டு, சாவியை என் இடுப்பிலேயே செருகிக்கொண்டேன்.

நிவேதாவுக்குப் பெரிய கம்பெனி ஒன்றில் கடைசி ரவுண்டு இன்டர்வியூ வந்தது அந்தச் சமயத்தில்தான். வீட்டிலிருந்தே, வீடியோவில். அவள் அதற்காக எத்தனை நாள் தூங்காமல் படித்தாள் என்று எனக்குத்தான் தெரியும். அன்று காலை பாஸ்வேர்டை அவளே மாற்றி, தன் லேப்டாப்பில் மட்டும் போட்டுக்கொண்டாள். என் போனில்கூட இல்லை. மேல் அறையில் இருந்த மதுரைக்காரரிடம், நெட் வேலை செய்யவில்லை, மத்தியானம் வந்துவிடும் என்று சொல்லிவைத்தேன். இன்டர்வியூ ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் உள்ளேயிருந்து அவள் குரல் மாறியது. ஹலோ, கேக்குதா சார், ஹலோ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். படம் அப்படியே நின்றுவிட்டது. அதே நேரம் மதுரைக்காரர் படியிறங்கி வந்து, "தேங்க்ஸ்ம்மா, நெட்டு வந்துருச்சு, நாலு படம் டவுன்லோடு போட்டுட்டேன்," என்கிறார்.

"யாரு சார் ஒங்களுக்குச் சொன்னது?"

"மேல ஒருத்தர் நின்னாரேம்மா. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம்."

இடுப்பில் கைவைத்துப் பார்த்தேன். சாவி இருந்தது.

உள்ளே நிவேதா அழுதுகொண்டிருந்தாள். நான் அவளைக்கூடப் பார்க்காமல் போனைக் கையில் பிடித்தபடி இரண்டு இரண்டு படியாக ஏறினேன். கம்பிக் கதவு பூட்டியபடி இருந்தது. அந்தப் பக்கம் டேங்க், கம்பியில் என்னுடைய போர்வை, அதற்கப்பால் கடல். யாருமில்லை. வெயிலில் கண் கூசியது. நான் ஒரு பைத்தியக்காரி மாதிரி காலி மாடியைப் பார்த்துக் கத்தினேன்.

"யாருய்யா நீ? ஒனக்கு இன்னாதான் வோணும்? எம் பொண்ணு வாழ்க்கைல ஏன் வந்து வெளையாடுற? ஊருக்கெல்லாம் சொல்றியே, என்னான்ட சொல்லேன் பாக்கலாம்."

போர்வை காற்றில் ஆடியது, அவ்வளவுதான். அப்போது கையிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. பார்த்தால் மேலே வைஃபை குறி. அந்தப் புது பாஸ்வேர்டை என் போனில் யாருமே போடவில்லை, நான் திரையைத் தொடக்கூட இல்லை, நீங்கள் நம்பினாலும் சரி நம்பாவிட்டாலும் சரி. செட்டிங்ஸில் போய் ஷேர் என்று தொட்டேன். எப்போதும் ஏற்காத என் விரலை அன்று முதல் தடவையே ஏற்றுக்கொண்டது. கட்டம் வந்தது. கீழே எழுத்துகள் வந்தன. இறங்கிப்போய் நிவேதாவிடம் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இதான்மா நான் காலைல வெச்சது. ஒனக்கு எப்டி?"

எனக்கு எப்படி என்று நான் யாரிடம் கேட்பது.

அந்த இன்டர்வியூவை அவர்கள் வேறொரு நாள் வைத்தார்கள், அது கேளம்பாக்கத்தில் தோழி வீட்டிலிருந்து நடந்தது, வேலையும் கிடைத்தது. அது வேறு விஷயம். ஆனால் அன்று மாலையே லோகுவை வரச்சொல்லி, பாஸ்வேர்டே வேண்டாம், எடுத்துவிடு என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"தொறந்து வெச்சா ரோட்ல போறவன் வர்றவன்லாம் யூஸ் பண்ணுவான்க்கா."

"பண்ணட்டும்ப்பா. யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்ல பாரு, அது போதும் எனக்கு."

என் கணவர் எனக்குப் புத்தி கெட்டுவிட்டதாக ஒரு வாரம் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும். அதற்குப் பிறகு இன்றுவரை எந்த விருந்தாளியும் மாடி அண்ணனைப் பற்றிச் சொன்னதில்லை. நாத்தனாரிடம் வாய்தவறிச் சொன்னதில், இந்த இடத்தில் முன்னாடி யாராவது இருந்தார்களா, செத்தார்களா என்று விசாரிக்கச் சொன்னாள். விசாரித்தேன். காலி மனையாகக் கிடந்த இடம், எருக்கஞ்செடிதான் இருந்தது. அப்படி ஒரு ஆளை அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் கொஞ்ச நாளில் மறந்தும்விட்டேன்.

இப்போது நிவேதா கேளம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் குழம்பு, பொடி என்று எடுத்துக்கொண்டு போய்வருவேன். அவள் வீட்டு வைஃபையில் யார் யார் போன் சேர்ந்திருக்கிறது என்று அவள் போனிலேயே ஒரு ஆப் காட்டுமாம். நான் வாசலுக்கு வந்ததும் அம்மா என்று பச்சைப் புள்ளியோடு என் பெயர் வரும், அதைப் பார்த்து அடுப்பில் பாலை வைப்பாளாம்.

போன ஞாயிறு நான் போனபோது கதவைத் திறந்தவள் முகத்தில் கடுப்பு.

"எங்கம்மா போன? பால் வெச்சு ஆறியே போச்சு. அப்பவே வந்துட்ட, லிஸ்ட்ல காட்டுச்சு. கீழ யாருகிட்ட பேசிகினு இருந்த?"

"இப்பதான்டி ஆட்டோல வந்து எறங்கறேன். போன எடுத்துகினே வரல. வூட்ல சார்ஜ்ல கீது."

அவள் நம்பவில்லை. என் பையைத் தலைகீழாகக் கொட்டினாள். குழம்பு டப்பா, கண்ணாடிக் கூடு, சில்லறை. அப்புறம் என் நம்பருக்குக் கூப்பிட்டாள். மாமல்லபுரத்தில் என் கணவர்தான் எடுத்தார்.

"ஒங்கம்மா போன இங்கயே வுட்டுட்டுப் போயிட்டா. இன்னா விஷயம்?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நிவேதா ஆப்பைத் திறந்து என்னிடம் காட்டினாள். அம்மா. பச்சைப் புள்ளி. ஏதோ ஆப்பில் கோளாறு என்று சிரித்தாள், நானும் ஆமாம் என்றேன், மாமல்லபுரத்து மாடி விஷயத்தை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லி அங்கேயே நின்றபடி பாஸ்வேர்டை மாற்றினாள். என்ன வைத்தாள் என்று என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பச்சைப் புள்ளி அணைந்தது. அவள் பாலை மறுபடி சுடவைக்க அடுப்படிக்குப் போனாள். ஆப் திறந்தபடி அவள் போன் மேஜைமேல் இருந்தது, நான் எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் சூடாகிக்கூட இருக்காது. என் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி திரும்ப வந்து நின்றது.